தலை விழுந்தால் புளியங்கொட்டை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கேட்டருகே ஒரு பெண் வந்து நின்றாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கணக்கு டீச்சராம். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். முகத்தில் அப்படி ஒரு உற்சாகம்.

"மேம், நம்ம ஸ்கூல்ல புள்ளியியல் குரூப்பைத் திரும்ப ஆரம்பிக்கப் போறோம். மொதமொத அதை ஆரம்பிச்சது நீங்கதானாமே! தொடக்க விழாவுக்கு நீங்க வந்து உங்க அனுபவத்தைச் சொல்லணும்."

எத்தனை பேர் சேருவார்கள் என்று கேட்டேன். கையிலிருந்த செல்போனை என் முன்னால் நீட்டினாள். "பத்தாவது பேரன்ட்ஸ் எல்லாருக்கும் போன்லயே கேள்வி அனுப்பிக் கேட்டுட்டோம் மேம். அநேகமா எல்லாருமே சேர்க்கிறோம்னு சொல்லிட்டாங்க!"

இந்தப் பதிலை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து என்னத்தைச் சொல்வது? "செரி கண்ணு, கட்டாயம் வாரேன்" என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பி வைத்தேன். கோயமுத்தூர்க்காரி ஒருத்தி வாரேன் என்று சொன்னால் வந்துவிடுவாள் என்று நம்பிப் போகிறாள், பாவம். அந்தப் பள்ளிக்கூட மேடையில் ஏறி நின்று என்னால் பேச முடியாது. பேச வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன். நேரம் இருந்தால் படித்துக்கொள்ளட்டும்.

என் படிப்பும் ஆரம்ப வருடங்களும் பெரிய கதையில்லை. நகரத்துக் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் முதுகலை படித்தேன். வேலை கிடைத்தது சிங்காநல்லூரில், மில்களுக்குப் பின்புறம் இருந்த ஒரு கிறிஸ்தவப் பெண்கள் பள்ளியில். அங்கே புள்ளியியல் என்று தனிப் பாடமே கிடையாது. வணிகக் கணிதப் புத்தகத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சராசரி, இடைநிலை, முகடு இவற்றைத்தான் வருடா வருடம் ஓட்டிக்கொண்டிருந்தேன். படித்த படிப்பில் கால்வாசியைக்கூடக் கரும்பலகையில் எழுதாமலே தலை நரைத்துவிட்டது. பிள்ளைகள் எனக்கு 'புள்ளி டீச்சர்' என்று பேர் வைத்திருந்தார்கள். கோபக்காரி என்ற பேரும் இருந்தது. இரண்டுமே சரிதான்.

அந்தச் சமயத்தில்தான் சிஸ்டர் பெர்னதெத் தலைமையாசிரியையாக வந்தார். காரமடைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் நடப்பார். எல்லோருக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம்கூட, "ஏனுங்க கண்ணு, ஜடை ஏன் இப்படி அவுந்து கெடக்குதுங்க?" என்பார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அதைவிட மோசமான ஒன்று அவரிடம் இருந்தது. நாம் என்ன சொன்னாலும் குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்டுக்கொள்வார். கேட்டு முடித்ததும் மெதுவாக, "அப்பறமுங்க?" என்பார்.

காய்ச்சல் என்று லீவு போட்ட தமிழ் டீச்சர் ஒருவர் அவர் முன்னால் நின்றதை ஒரு தடவை பார்த்தேன். முதல் 'அப்பறமுங்க'வுக்குக் காய்ச்சல் லேசான தலைவலியாக இறங்கியது. இரண்டாவதுக்குத் தலைவலியும் போய்விட்டது. மூன்றாவதுக்கு, நாத்தனார் மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்கப் போனது வெளியே வந்துவிட்டது. "செரிங்க, புடவை நல்லா அமைஞ்சுதுங்களா?" என்று கேட்டுவிட்டு சிஸ்டர் எழுந்து போனார். அந்த டீச்சர் அதற்கப்புறம் பொய் லீவு போட்டதே இல்லை.

வகுப்புகளில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து கவனிப்பது அவர் வழக்கம். என் வகுப்பிலும் ஒரு நாள் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் சொன்னார்: "டீச்சர், மத்த எல்லாத்துக்கும் உங்களுக்குக் கோவம் வருதுங்க. இந்தப் புள்ளியியல் பக்கம் வந்தா மட்டும் வர்றதில்லீங்க. அப்ப இதையே முழுசாச் சொல்லிக் குடுத்தா என்னங்க?"

இப்படித்தான் ஆரம்பித்தது. பதினொன்றாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியலோடு கம்ப்யூட்டர் சயின்சுக்குப் பதிலாகப் புள்ளியியல் என்று ஒரு புது குரூப். எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய கல்லூரிப் புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினேன்.

பள்ளித் தாளாளர் ஃபாதருக்கு ஒரே கவலைதான், ஆள் சேருமா என்பது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். நேரடியாகக் கேட்டு, நேரடியாகப் பதில் வாங்கிப் பழகிய மனிதர். பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "இந்தப் புது குரூப்பில் பிள்ளையைச் சேர்க்க விருப்பம் உள்ளவங்க கை தூக்குங்க" என்றார். மண்டபம் முழுக்கக் கை. "பாத்தீங்களா டீச்சர்! ரெண்டு செக்‌ஷன் போட வேண்டியிருக்கும்போல" என்று பூரித்துப் போனார்.

"ஃபாதர், பள்ளிக்கூடத்தை நிலாவுக்கு மாத்தப் போறோம்னு சொல்லிக் கேட்டிருந்தாலும் இவங்க கை தூக்கியிருப்பாங்க" என்றேன். அவர் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை.

சேர்க்கை நடந்தது. பதினோரு பேர் வந்தார்கள்.

கை தூக்கியவர்கள் எல்லாரும் சத்தமில்லாமல் பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் குரூப்பில் சேர்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வழியில் பார்த்தால் மட்டும் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. "ஏனுங்க டீச்சர், சௌக்கியமுங்களா? அடுத்த புள்ளையைக் கண்டிப்பா உங்ககிட்டத்தான் சேத்தி உடறமுங்க" என்றார் ஒருவர். அவருடைய அடுத்த பிள்ளை எல்.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தது. ஃபாதர் குரூப்பை உடனே மூடச் சொன்னார். "ஒரு வருசம் பாக்கலாங்க ஃபாதர்" என்று சிஸ்டர் இழுத்துப் பிடித்தார். அடுத்த வருடம் இருபது பேராவது வராவிட்டால் இழுத்து மூடிவிடுவதாக ஒப்பந்தம்.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்திதான் கோமதி. அப்பா சின்ன வொர்க்‌ஷாப் ஒன்றில் லேத் ஓட்டுகிறவர். அம்மாவுக்கு மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங் வேலை. ஒல்லியான பெண். பேச்சு கொஞ்சம்தான். பேசினால் யோசித்துப் பேசுவாள். முதல் நாள் ஒவ்வொருத்தியிடமும் ஏன் இந்த குரூப்பில் சேர்ந்தாய் என்று கேட்டேன். பாதிப் பேர் கம்ப்யூட்டரில் இடம் கிடைக்கவில்லை என்றார்கள். கோமதி எழுந்து, "இதுல, தப்பு எவ்வளவு இருக்குமுன்னு அவங்களே சொல்லீர்றாங்களாமுங்க டீச்சர்" என்றாள்.

"புரியலையே கண்ணு."

"மத்த கணக்குல எல்லாம் ஒண்ணு சரி, இல்லாட்டித் தப்புங்க. இதுல மட்டும், சொல்றது இவ்வளவு தூரம் தப்பா இருக்கலாமுன்னு கூடவே எழுதணுமாமுங்க. எனக்கு அது புடிச்சிருந்துச்சுங்க."

இத்தனை வருடம் பாடம் நடத்தி அப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்லை. பி.எஸ்சி. புள்ளியியல் படிக்க வேண்டும், பிறகு அரசாங்கப் புள்ளியியல் துறையில் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அப்படி ஒரு துறை இருப்பதை எப்படியோ தெரிந்து வைத்திருந்தாள். மற்ற பிள்ளைகள் வீட்டுக்கு ஓடுகிற நேரத்தில் இவள் பைக்கட்டை மாட்டிக்கொண்டு, "இன்னொரு கணக்கு குடுங்க டீச்சர்" என்று நிற்பாள். எனக்குக் கோபம் வராத பிள்ளை அவள் ஒருத்திதான்.

புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் அந்தப் பெற்றோர் கூட்டத்தையே பாடமாக வைத்தேன். அத்தனை பேரும் ஏன் கை தூக்கினார்கள்? பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோமதிதான் சொன்னாள்: "மூஞ்சிக்கு நேரா எப்படிங்க டீச்சர் முடியாதுன்னு சொல்றது? மனசு சங்கடப்படுமில்லீங்களா?"

"யாரு மனசு?"

"கேக்கறவங்க மனசுங்க."

எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாகப் போட்டிருக்க மாட்டார்கள். கேட்கிறவருக்குப் பிடித்த பதிலைச் சொல்வது நம் பக்கத்துப் பழக்கம். அதற்குப் பொய் என்று பேர் இல்லை, மரியாதை என்று பேர். மரியாதை தெரிந்த ஊரில் உண்மையை எப்படிக் கேட்டு வாங்குவது? அதற்கு எங்கள் பாடத்தில் ஒரு வழி இருக்கிறது. கல்லூரியில் படித்ததோடு சரி, அதுவரை நான் பயன்படுத்தியதே இல்லை.

வழி இதுதான். ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் ஒரு ரூபாய்க் காசைப் போட்டு, மேலே உள்ளங்கையால் மூடிக் குலுக்கி, குலுக்கியவள் மட்டும் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். தலை விழுந்திருந்தால், கேள்வி எதுவானாலும் 'ஆமாம்' என்று சொல்லிவிட வேண்டும். பூ விழுந்திருந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். வாயால் சொல்லத் தேவையில்லை. ஆமாம் என்பதற்குப் புளியங்கொட்டை, இல்லை என்பதற்குப் பருத்திக்கொட்டை. மூடின கையை ஒரு மஞ்சப்பைக்குள் விட்டுப் போட்டுவிட்டு வந்துவிடலாம். ஒருத்தி புளியங்கொட்டை போட்டதை யாராவது பார்த்துவிட்டாலும், அவளுக்குத் தலை விழுந்ததா, அல்லது அதுதான் உண்மையா என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் மொத்தமாக எண்ணிப் பார்க்கிறபோது, காசு தருகிற பாதியைக் கழித்துவிட்டால், மீதியில் உண்மை எவ்வளவு என்று தெரிந்துவிடும். எத்தனை பேர் என்று தெரியும். யார் என்று தெரியாது.

முதலில் விளையாட்டாகத்தான் செய்தோம். பதினொன்றாம் வகுப்பில் எல்லா குரூப்பையும் சேர்த்தால் நூற்றிருபது பெண்கள். கேள்வி: காலை வழிபாட்டில் சிஸ்டர் பேசுவது ரொம்ப நீளமாக இருக்கிறதா? நேரில் கேட்டால் ஒருத்திகூட ஆமாம் என்று சொல்லமாட்டாள். பையைக் கவிழ்த்தோம். ஒரே புளியங்கொட்டை. பருத்திக்கொட்டை ஒரு கைப்பிடிகூட இல்லை. பின்னால் நின்றிருந்த சிஸ்டர் மேசைக்கு வந்து கொட்டைகளைப் பார்த்தார். பிறகு, "அப்பறமுங்க?" என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாளிலிருந்து வழிபாடு சீக்கிரமே முடிந்தது.

சில வாரம் கழித்து சிஸ்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "இந்தக் காசை வெச்சு நான் ஒண்ணு கேக்கோணுமுங்க டீச்சர்."

என்ன என்று எனக்குத் தெரியும். அந்தப் பள்ளியில் எல்லா டீச்சருக்கும் தெரியும். வருடா வருடம் கோடை விடுமுறைக்குப் போகிற பெண்களில் சிலர் திரும்பி வருவதில்லை. விசாரித்தால், "ஒறம்பரை ஊட்டுக்குப் போயிருக்குதுங்க, வந்துரும்" என்பார்கள். சொந்தக்காரர் வீடாம். பிறகு ஒரு நாள் கழுத்தில் தாலியோடு கடைவீதியில் பார்ப்போம். பதினாறு வயது. சட்டப்படி குற்றம் என்று அந்த வீடுகளுக்கும் தெரியும். அதனால்தான் வெளியே மூச்சு விடமாட்டார்கள். பிள்ளைகளிடமும் சத்தியம் வாங்கிவிடுவார்கள். விடுமுறைக்கு முன்னால் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கேட்டால், "அதெல்லாம் இல்லீங்க சிஸ்டர்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் போவாள். சிஸ்டருடைய 'அப்பறமுங்க' அங்கே மட்டும் பலிக்கவில்லை.

அந்த வருடம் முழுப் பரீட்சைக்கு முன்னால், நூலக அறையில் ஏற்பாடு செய்தோம். மூலையில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் டம்ளர், காசு, இரண்டு கிண்ணத்தில் கொட்டைகள், மஞ்சப்பை. ஒருவர் பின் ஒருவராகப் போய்வர வேண்டும். நூற்றிருபது பேரையும் உட்கார வைத்துக் கேள்வியை நானே சொன்னேன். இந்தக் கோடை விடுமுறைக்குள் உனக்குக் கல்யாணம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறதா? "யாருன்னு நான் கேக்க மாட்டேன். சிஸ்டரும் கேக்க மாட்டாங்க. மாதா மேல சத்தியம்" என்றேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வரிசை நகர்ந்தது. திரைக்குப் பின்னால் காசு குலுங்குகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மற்ற குரூப் பெண்களை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, என் பதினோரு பேரோடு பையைக் கவிழ்த்தேன். அவர்களே எண்ணினார்கள். புளியங்கொட்டை அறுபத்தெட்டு. கணக்கைப் போட கோமதி கரும்பலகைக்குப் போனாள். நூற்றிருபது பேரில் பாதிப் பேருக்குத் தலை விழுந்திருக்கும், ஆக அறுபது புளியங்கொட்டை காசுக்கு. அதற்கு மேல் இருப்பது எட்டு. அந்த எட்டும், பூ விழுந்து உண்மை சொன்னவர்களுடையது. தலை விழுந்தவர்களிலும் அதே மாதிரி எட்டுப் பேர் இருப்பார்கள் என்று வைத்தால், மொத்தம் பதினாறு.

'16' என்று எழுதிவிட்டுத் திரும்பினாள். "தப்பு எவ்வளவு இருக்கலாமுன்னு எழுதோணுமுங்களா டீச்சர்?"

"எழுது."

எழுதினாள். பதினொன்று கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். பெரிய பிழைதான். காசை நடுவில் விட்டால் அதற்குக் கொடுக்க வேண்டிய விலை அது. சாக்பீசை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, என்னையே பார்த்தபடி நின்றாள். பாராட்டுக்கு நிற்கிறாள் என்று நினைத்தேன். "சரியாப் போட்டிருக்கே கண்ணு" என்றேன். போய் உட்கார்ந்தாள்.

நானும் சிஸ்டரும் அன்றைக்கே ஃபாதரிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "பதினாறு பேர் யாரு?" என்றார்.

"தெரியாது ஃபாதர்."

"யாருன்னு தெரியாம எந்த ஆபீசுல போய், யார் மேல புகார் குடுப்பீங்க?"

 அவர் விடவில்லை. "டீச்சர், ஒண்ணு கேக்கேன், நேரா பதில் சொல்லுங்க. ஒரு பொண்ணுக்குக்கூடக் கல்யாணம் முடிவாகாம, வெறும் காசு விழுந்த விதத்துலயே இந்த அறுபத்தெட்டு வருமா, வராதா?"

பொய் சொல்லியிருக்கலாம். வராது என்று ஒரே வார்த்தை. ஆனால் அந்தப் பாடத்தை நான் அப்படிப் படிக்கவில்லை. "வரலாம் ஃபாதர். பன்னெண்டு தடவை செஞ்சா ஒரு தடவை வரலாம்."

"அப்ப உங்க கணக்கே தப்பா இருக்கலாம் இல்லியா? அதை நம்பி நூத்தியிருபது குடும்பத்தைச் சந்தேகப்படச் சொல்றீங்களா? விடுங்க டீச்சர்."

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, அதட்டிக் கேட்போம் என்றேன். சிஸ்டர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். "சத்தியம் பண்ணியிருக்கறமுங்க டீச்சர். இன்னைக்கு அதை மீறிட்டா, இனி எந்தப் புள்ளையும் அந்தப் பையில கை உடாதுங்க. அதட்டிக் கேட்டாலும் இல்லைன்னுதான் சொல்லப் போகுதுங்க."

அதுவும் உண்மைதான். ஆக, எங்களால் முடிந்ததைச் செய்தோம். வழிபாட்டில் சிஸ்டர் சட்டத்தைச் சொன்னார். குழந்தைகள் உதவி எண்ணை எல்லாரையும் மனப்பாடம் செய்ய வைத்தார். "என்ற ரூம் கதவு தெறந்தேதான் இருக்குமுங்க கண்ணுகளா" என்றார். நாள் முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை.

என்னிடம் கோமதி ஒரு தடவை வந்தாள். பிழைக் கணக்கில் சந்தேகம் என்றாள். விளக்கிச் சொன்னேன். போகாமல் நின்றாள்.

"டீச்சர், தப்பு இவ்வளவு இருந்தா, அந்தப் பதினாறு பேரு நெசமாவே இருக்கறாங்கன்னு யாருமே நம்ப மாட்டாங்களாங்க?"

"ஃபாதர் நம்பலை. நான் நம்பறேன் கண்ணு."

"செரிங்க டீச்சர்" என்று சொல்லிப் போய்விட்டாள்.

சிஸ்டரும் நானும் வீடு வீடாகவும் போனோம். நூற்றிருபது வீட்டுக்கும் போக முடியவில்லை. என் பதினோரு பெண்களின் வீட்டுக்கும், முடிந்தவரை மற்ற வீடுகளுக்கும் போனோம். போன இடமெல்லாம் உபசாரம். காபி, மோர், வாழைப்பழம். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "சேச்சே, அதெல்லாம் இல்லீங்க. புள்ள படிக்கோணுமுங்க." கோமதியின் வீட்டுக்குப் போனபோது சுவரில் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். நான் சுவரைப் பார்ப்பதை அவள் அப்பா பார்த்துவிட்டார். "மாரியம்மன் நோம்பி சாட்டியிருக்குதுங்க டீச்சர். அதான், வருசத்துக்கு ஒருக்கா" என்றார். அந்தத் தெருவில் கோயில் திருவிழாவுக்கு நோம்பி சாட்டியிருந்தது நிஜம். பக்கத்து வீட்டிலும் வெள்ளையடித்திருந்தார்கள். "என்ற புள்ள எவ்வளவு வேணா படிக்கட்டுமுங்க. நீங்க பாத்து என்ன சொன்னாலும் செரிதானுங்க" என்று கைகூப்பினார். கோமதி மோர் டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே உள்ளே போனாள்.

இவள் வீட்டைப் பற்றிக் கவலையில்லை என்று சொல்லிக்கொண்டே நான் படி இறங்கினேன். சிஸ்டர் அந்தச் சுவரை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார்.

பள்ளி திறந்த அன்று பன்னிரண்டாம் வகுப்பில் பேர் கூப்பிட்டேன். கோமதி என்றேன். பதில் இல்லை. பஸ் கிடைக்கவில்லையோ என்று இரண்டாம் தடவையும் கூப்பிட்டேன். பக்கத்துப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.  கதவருகே சிஸ்டர் நின்றிருந்தார். "அவ ஏன் வரலை?" என்று கேட்டார். அவர் வாயில் 'ங்க' இல்லாமல் ஒரு வார்த்தை வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மொத்தம் ஆறு பெண்கள் வரவில்லை. பதினாறு இல்லை, ஆறுதான். கோமதி எழுதிய பிழைக்குள் அதுவும் அடங்கும். சிஸ்டர் இந்த முறை பேரோடு புகார் கொடுத்தார். அதிகாரிகள் கோமதியின் வீட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கும் காபி கிடைத்தது. பிள்ளை அத்தை வீட்டில் இருக்கிறாள், கல்யாணமெல்லாம் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அத்தை எந்த ஊர் என்பதைத்தான் கடைசி வரை யாரும் சொல்லவில்லை.

மீதிப் பத்துப் பேரையும் எப்படியோ பன்னிரண்டாம் வகுப்பு முடிக்க வைத்தேன். பாடம் நடத்தினேன், அவ்வளவுதான். மனசு செத்துப் போயிருந்தது. அந்த வருடச் சேர்க்கைக்கு ஆள் தேடி நான் ஒரு வாசலுக்கும் போகவில்லை. இருபது பேர் வரவில்லை. ஃபாதர் சொன்னபடியே குரூப்பை மூடினார். சிஸ்டரை வால்பாறைக்கு மாற்றினார்கள். நான் பழையபடி சராசரி, இடைநிலை, முகடு என்று ஓட்டி, ஒரு நாள் சால்வையும் கடிகாரமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

போன வருடம் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். "டீச்சருங்களா?" என்று ஒரு குரல். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. "நானுங்க டீச்சர், கோமதி."

பல்லடம் பக்கத்தில் இருக்கிறாளாம். வீட்டுக்காரருக்குத் தறி. "நல்லா இருக்கறமுங்க" என்றாள். வேறென்ன சொல்வாள்? குழந்தைகளின் பேரைக் கேட்டேன், சிரித்தேன். எல்லாம் கேட்டு முடித்த பிறகும் நெஞ்சில் இருந்தது அப்படியே இருந்தது. கேட்டுவிட்டேன்.

"ஏன் கண்ணு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் முகத்தில் நிஜமான ஆச்சரியம். "சொன்னனேங்க டீச்சர்."

"எப்ப?"

"எனக்குப் பூதானுங்க உழுந்துச்சு. பூ உழுந்தா நெசத்தைச் சொல்லோணுமுன்னு சொன்னீங்களே. புளியங்கொட்டையத்தானுங்க போட்டேன்." குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "ஊட்டுல சாமி படத்து மேல சத்தியம் வாங்கியிருந்தாங்க, யாருகிட்டயும் வாயத் தெறக்கக் கூடாதுன்னு. வாயத் தெறக்காம சொல்றதுக்கு அது ஒண்ணுதானுங்க இருந்துச்சு. போர்டுல எழுதினமில்லீங்களா, அந்த எட்டுல ஒண்ணு நானுங்க."

 அவளுக்கு என் மேல் கோபம்கூட இல்லை. அது இருந்திருந்தால் தேவலாம். பல்லடம் பஸ் வந்து நின்றது. பெரிய பிள்ளையை முதலில் ஏற்றிவிட்டாள். படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"டீச்சர், நாம போட்ட அந்தக் கணக்கு சரிதானுங்களே?"

"சரியாத்தான் போட்டிருந்தே கண்ணு" என்றேன்.